ஆறாம் எண்காரியின் இடது கண்

செல்வக் கணிப்பு வாரியம் ஒருவரை வாழ்த்திவிட்டால் அதன்பிறகு அவர் பிழைப்பது கஷ்டம். தராசுக்காரருக்கு இந்த விவரம் திங்கட்கிழமை காலை பதினோரு மணிவரை தெரியாது.

அவர் தராசு விற்பவர் அல்ல, பழுது பார்ப்பவர். கடை கடையாகப் போய், எடை மேடைகள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, கோளாறு இருந்தால் திருத்தி, சோதனைச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வருவார். அவர் மனைவி தையல்கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, அதாவது பட்டன் துளை தைத்து, பட்டன் கட்டுகிறவர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சட்டை. பதினோரு நாளைக்கு முன்னால் அவருடைய இடது கண்ணில் ஓரமாக ஒரு கறுப்புத் திரை இறங்கியது. தூசி என்று நினைத்து இரண்டு நாள் கழுவிக்கொண்டிருந்தார். திரை வளர்ந்தது.

விழித்திரை கழன்று வருகிறது என்றார் கண் டாக்டரம்மா. நடுப்பகுதிக்கு இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் அப்புறம் யார் என்ன செய்தாலும் பார்வை திரும்பாது. வியாழக்கிழமை காலை அறுவைச் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. இலவசமாகச் செய்ய வேண்டுமானால் வாரியத்தின் உதவிக் கடிதம் புதன் மாலை நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்து சேர வேண்டும். அதுவரை அந்த அம்மா தலையை ஆட்டாமல், தும்மாமல், இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். ஆகவே வாரியத்துக்குப் புருஷன் போனார்.

முன்பெல்லாம் இந்தக் கடிதத்துக்கு வருமானச் சான்று போதும். மாதம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள், முத்திரை குத்துவார்கள். அதில் அறிவுக்கு வேலையே இல்லை என்று யாரோ கண்டுபிடித்து, மூன்று வருடம் முன்பு வாரியத்தை ஏற்படுத்தினார்கள். இன்றைக்கு ஏழையாக இருப்பது யாராலும் முடியும். கடைசிவரை ஏழையாக இருப்பவருக்குத்தான் உதவி என்பது கொள்கை. யார் கடைசிவரை இருப்பார்கள் என்பதைப் பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல நாற்பது பேரை நியமித்தார்கள். அவர்களுக்கு மட்டும் வருமானச் சான்று பார்த்துத்தான் சம்பளம் நிர்ணயித்தார்கள்.

மூன்றாவது கவுண்டரில் இருந்தவர் கோப்பைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க வீட்டுக்காரம்மா ரெட்டை ஆறு."

தராசுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கண்ணின் அளவு என்று நினைத்துக்கொண்டார். கவுண்டர்காரர் பொறுமையாக விளக்கினார். பிறந்தது இருபத்துநாலாம் தேதி. இரண்டும் நாலும் ஆறு. மாதம், வருடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் முப்பத்துமூன்று; மூன்றும் மூன்றும் ஆறு. இரண்டு பக்கமும் ஆறு வருகிறவர்கள் ஆயிரத்தில் சிலர்தான். நாற்பத்தெட்டாவது வயதில் பெரும் செல்வம் வந்து சேரும். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று என்றார் தராசுக்காரர். காஜாவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவளுக்குப் பெரும் செல்வம் எந்த வழியாக வரும் என்று கேட்டார்.

"வருமா வராதாங்கறது மட்டும்தான் சார் எங்க பிரிவு. எங்கேருந்து வரும்ங்கறது ரெண்டாவது மாடி. அங்க இன்னும் ஆள் போடல."

ஏழு வருடம் கழித்து வரப்போகும் பணத்தை வைத்து வியாழக்கிழமை எப்படி அறுவைச் சிகிச்சை செய்வது என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாமே என்றார். கிண்டல் இல்லை. மனசாரத்தான் சொன்னார்.

தராசுக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வாழ்த்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போனார். பணம் வரப்போவது உறுதி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே, அதன்பேரில் கடன் கொடுங்கள் என்றார். மேலாளர் கடிதத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, அடியில் இருந்த ஒரு வரியை விரலால் காட்டினார். 'இக்கணிப்பு நிறைவேறாமைக்கு வாரியம் பொறுப்பல்ல' என்று கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது. உதவியை மறுப்பதற்கு மட்டும் உறுதியாக இருந்த செல்வம், கடன் என்றதும் பல்லை இளித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மச்சான் உட்கார்ந்திருந்தார், மனைவியின் அண்ணன். கடிதம் கிடைக்காமல் போனால் தன் வண்டியை விற்றாவது பாதிப் பணம் தருவதாகப் போன வாரம் தங்கையின் கையைப் பிடித்துச் சொன்னவர். வாரியம் தன் வாசலில் ஒட்டும் வருங்காலச் செல்வந்தர் பட்டியலை வழியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. தங்கச்சி இவ்வளவு பெரிய ஆளாக வரப்போகிறாள், இதில் போய் ஓட்டை வண்டியை விற்ற காசைக் கொடுத்து அவளைக் கேவலப்படுத்தலாமா என்றார். போகும்போது, காலம் வரும்போது தன் மகனுக்கும் ஒரு வழி பண்ணும்படி கேட்டுக்கொண்டார்.

அவர் படியிறங்கும்வரை மனைவி தலையணையில் கன்னத்தை அழுத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் திரை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார் புருஷன்.

"நடுவுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. கோடீஸ்வரின்னு தெரிஞ்சதும் வேகமா வருது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கஞ்சியை ஆற்றி, கரண்டியால் கொடுத்தார். இன்னும் இரண்டு நாள்.

எடை மேடையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஒரே எடைக்கல்லை மேடையின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் நாலு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே வைத்தாலும் அதே எண் வந்தால் கருவி நல்லது. மூலைக்கு மூலை எண் மாறினால் கருவியைக் கழற்ற வேண்டியதுதான். இருபது வருடமாக இதைத்தான் செய்து பிழைக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை வாரியத்தின் வாசலில் நின்றபோது அவருக்கு இதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. நாலு விண்ணப்பம் வாங்கி, நாலிலும் மனைவியின் விவரத்தையே எழுதி, மூன்றாவது கவுண்டரை மட்டும் விட்டுவிட்டு நாலு கவுண்டரில் கொடுத்தார்.

முதல் கவுண்டரில் வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்துக் கூட்டினார்கள். பதினேழாம் எண் வீடு; எட்டு. ஆறும் எட்டும் பதினாலு, ஐந்து. நடுத்தர வசதி, கடல் தாண்டிய பயணம். இரண்டாவது கவுண்டரில் இருந்தவர் முப்பத்துமூன்றைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது மிகப் பெரிய எண், அதைக் கூட்டவே கூடாது என்றார். செல்வம் தானாகத் தேடிவரும், இந்த அம்மாதான் அதை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றார். நாலாவது கவுண்டரில் விண்ணப்பம் கொடுத்த தேதியையும் கூட்டி ஒன்று என்ற விடை சொல்லி, சொந்தத் தொழிற்சாலை ஒன்றை அருளினார்கள். ஐந்தாவது கவுண்டரில் கல்யாணமான பெண்ணுக்குப் புருஷனின் எண்தான் என்று ஒரே போடாகப் போட்டார்கள். புருஷன் பிறந்தது எட்டாம் தேதி. எட்டு என்றால் கடன், வழக்கு, வீண் அலைச்சல், எழுபது வயதுவரை கையில் காசு தங்காது.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் தராசுக்காரராகத்தான் இருக்க வேண்டும். அதை அப்படியே எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள் என்று கும்பிட்டார். முத்திரை மூன்றாவது கவுண்டரில் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள்.

அவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சோதனைச் சீட்டை எடுத்து எழுதினார். கருவி: வாரியம். வைத்த எடை: ஒன்று. காட்டிய எண்கள்: ஐந்து. முடிவு: உபயோகிக்கத் தகுதியற்றது. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதோடு மூன்றாவது மாடிக்குப் போய், தலைமைக் கணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காத்திருந்தார். இரண்டேமுக்கால் மணி நேரம்.

தலைமைக் கணிப்பாளரின் அறைக் கதவில் எண் இருமுறை அழித்து எழுதப்பட்டிருந்தது. மேசை ஏதோ ஒரு திசையைப் பார்ப்பதற்காகக் கோணலாகக் கிடந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பாதி இருட்டில் இருந்தார். சோதனைச் சீட்டைப் படித்துக் கோபப்படவில்லை. பெரிய மனிதர், கோபமெல்லாம் கீழ்மாடியோடு நின்றுவிடும்.

"தராசுக்கு ஒரே எண்ணைத்தான் காட்டத் தெரியும். பாவம், அது கருவி. எங்க ஆளுங்க அஞ்சு பேரும் அஞ்சு விதமா சொல்றாங்கன்னா, ஒவ்வொருத்தரும் எவ்வளவு ஆழமாப் போறாங்கன்னு நீங்க பாக்கணும்."

இதுவரை ஏதாவது கணிப்பு தப்பாகியிருக்கிறதா என்று கேட்டார் தராசுக்காரர்.

"ஒண்ணுகூட இல்ல. பணம் வந்தவங்க யாரும் புகார் குடுக்கல. வராதவங்களுக்கு நேரா 'இன்னும் வரவில்லை'ன்னு எழுதி வெச்சிருக்கோம். நடுவுல செத்துப் போனவங்களை எடுத்துக்கறதில்ல. அவங்க அவசரப்பட்டதுக்கு எண் என்ன பண்ணும்?"

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தானும் ஆறாம் எண்தான் என்றார்.

"எண் பாத்து யாருக்கும் பணம் வந்ததில்லைன்னு வெளிய பேசறாங்க. அவங்கள்லாம் என்னைப் பாக்கறதே இல்ல. மூணு வருஷம் முன்னாடி எனக்கு என்ன இருந்தது? இப்ப வீடு, வண்டி, கீழ நாப்பது பேர். எண் குடுத்ததுதானே?"

தராசுக்காரர் அதை யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரை நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். பெரிய மனிதருக்கு மனம் இளகியது. விதி பத்தொன்பதில் ஒரு வழி இருக்கிறது என்று, மஞ்சள் நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பெயர் வறுமை உறுதிமொழி. வீட்டுக்கு வந்து மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வாய்விட்டுப் படித்தார்: 'மேற்படி பயனாளியின் கணவராகிய நான், என் மனைவி தன் வாழ்நாளில் ஒருபோதும் செல்வம் அடைய மாட்டார் என்று உறுதி கூறுகிறேன். அவ்வாறு செல்வம் வரும் அறிகுறி தென்பட்டால், என்னால் இயன்ற வகையிலெல்லாம் அதைத் தடுப்பேன்.'

படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"இத்தனை வருஷமா எழுத்துல இல்லாமலே செஞ்சுட்டுத்தானே இருக்கீங்க," என்றார் மனைவி. "கையெழுத்துப் போடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். மனைவி சிரித்ததில் தலை அசைந்துவிட்டது. கண்ணுக்குள் மின்னல் மாதிரி ஏதோ வெட்டுகிறது என்றார். அவர் பேனாவைப் போட்டுவிட்டு, மனைவியின் தலை அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஒன்பதுக்குப் படிவம் உள்ளே போனது. பத்துக்கு மூன்றாவது கவுண்டர். பதினொன்றரைக்குச் சட்டப் பிரிவு. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இரண்டேகாலுக்குத் தலைமைக் கணிப்பாளர் வந்தார். அவருக்குப் புதிதாக ஒரு சிக்கல் தோன்றியிருந்தது. புருஷன் வறுமை என்று சத்தியம் செய்கிறார். எண் செல்வம் என்கிறது. எண் பொய் சொல்லாது, சத்தியத்தைத் தள்ளவும் விதியில் இடம் இல்லை. மூன்று அதிகாரிகள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். வெளியே பெஞ்சில் தராசுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி விரல் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். மூன்று இருபத்தைந்துக்கு ஒட்டிய உறை ஒன்றைக் கையில் கொடுத்து, வேலை முடிந்தது, போங்கள் என்றார்கள்.

ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே பிரித்துப் படித்தார்.

'பயனாளி செல்வம் அடைவது அவர் பார்வையோடு உழைப்பதைப் பொறுத்தது. ஆகவே சிகிச்சை தோல்வியுற்றுப் பார்வை திரும்பாத பட்சத்தில், பயனாளி ஏழை என்று கருதப்பட்டு, முழுச் செலவையும் வாரியம் ஏற்கும். சிகிச்சை வெற்றி பெற்றால் பயனாளி செல்வந்தர் என்பது உறுதியாவதால், முழுச் செலவையும் அவரே மூன்று மாதத்துக்குள் செலுத்த வேண்டும். நாற்பத்திரண்டாம் நாள் வாரிய அலுவலர் நேரில் வந்து சரிபார்ப்பார்.'

அந்தச் செலவு அவர்கள் இருவரும் இரண்டு வருடம் சாப்பிடாமல் சேர்த்தாலும் வராது. பஸ் வளைவில் திரும்பியபோது அவர் பக்கத்தில் இருந்தவர்மேல் சாய்ந்து, திட்டு வாங்கினார். இறங்கி ஓடினார். ஆஸ்பத்திரி ஜன்னலின் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கையை விட்டுக் கடிதத்தை நீட்டினார். ஜன்னலில் இருந்தவர் முத்திரையைப் பார்த்தார், 'முழுச் செலவையும் வாரியம் ஏற்கும்' என்ற இடத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

வியாழக்கிழமை மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுப்பகுதியைத் திரை தொடுவதற்கு ஒரு நூலிழை முன்னால் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. அதன்பிறகு வாரக்கணக்கில் குப்புறப் படுக்கை, சொட்டு மருந்து, கட்டு. கண்ணுக்குள் ஏற்றிய வாயு கரையும்வரை எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் கலங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். புருஷனும் மனைவியும் எல்லாவற்றையும் பேசினார்கள், நாற்பத்திரண்டாம் நாளைத் தவிர. பொய் சொல் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கண் நன்றாக வர வேண்டும் என்று காலையில் வேண்டிக்கொள்வார்; நன்றாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று சாயங்காலம் பயப்படுவார். இந்த மாதிரி ஒரு வேண்டுதலைச் செய்ய வைத்தவர்களை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் வாரியத்தின் சரிபார்ப்பு அலுவலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிசிறில்லாத சட்டை, கையில் ஒரு கோப்பு, ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிய அட்டைகள். டாக்டரம்மா தன் அறிக்கையைக் கொடுக்க வந்தபோது, மருத்துவர்களுக்கு எண் பயிற்சி இல்லாததால் அவர்கள் அறிக்கையை வாரியம் ஏற்பதில்லை என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நான் வெளிய இருக்கேன்," என்றார். "உள்ள இருந்தா நான் உண்மையச் சொல்ல வேண்டியிருக்கும்."

அலுவலர் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கண்ணைக் கோப்பால் மறைத்தார். முதல் அட்டையைத் தூக்கினார். அது ஆறு.

"என்ன எண்?"

"தெரியல."

அலுவலர் மூன்றைக் காட்டினார், எட்டைக் காட்டினார். தெரியவில்லை, தெரியவில்லை. எழுதிக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தி, அந்த அம்மாவைக் கூர்ந்து பார்த்தார். அட்டைகளை மடியில் வைத்துவிட்டு, சுவரோரமாக நின்ற புருஷனைப் பேனாவால் காட்டினார்.

"அங்க நிக்கறது யாரு?"

மனைவி இடது கண்ணால் பார்த்தார். அந்தக் கண் அவரை முழுசாகப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. அது உச்சந்தலையில் தொடங்கி, சவரம் செய்யாத கன்னத்தில் நின்று, சட்டையில் இறங்கி, கைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அலுவலரின் பேனா காத்திருந்தது.

"யாரோ நிக்கறாங்க," என்றார் மனைவி. "யாருன்னு தெரியல."

இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷிக்குத் தன்னைத் தெரியவில்லை என்று காதால் கேட்டபோது, அது பொய்யா நிஜமா என்று தராசுக்காரருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அழுகை வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அலுவலருக்கு அது போதுமானதாக இருந்தது. 'கணவர் அழுதார். தோல்வி உறுதி' என்று எழுதி முத்திரை குத்தினார். முழுச் செலவையும் வாரியம் ஏற்கிறது என்றார். நாற்பத்தெட்டு வயது முடியும்வரை ஆண்டுக்கு ஒருமுறை வந்து இதே மாதிரி சரிபார்ப்பதாகவும், வரும்போதெல்லாம் கணவரும் உடன் இருக்க வேண்டும் என்றும் சொல்லி, இருவருக்கும் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கி மறையும்வரை மனைவி நாற்காலியைவிட்டு எழவில்லை. பிறகு எழுந்து புருஷன் அருகில் வந்தார். வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் தானே பொத்திக்கொண்டார்.

"ரெண்டாவது பட்டனை மூணாவது காஜால போட்டிருக்கீங்க," என்றார். "உள்ள வந்ததுலேருந்து பாத்துட்டு இருக்கேன். சொல்ல முடியல."

அவர் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கண்ணீரில் காஜா தெரியவில்லை. மனைவியே குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.